குறுக்கே எழுதியது

கடிதத்தை நிறுத்துப் பார்த்துத்தான் காசு கேட்கிறார்கள்.
அதனால் என் அக்கா கெசியா
ஒரே தாளில் இரண்டு தரம் எழுதினாள்,
முதலில் இடமிருந்து வலம்,
பிறகு தாளைத் திருப்பி வைத்து
எழுதியதன் மேலேயே குறுக்காக,
ஊடும் பாவும் போல.
அடிலெய்டிலிருந்து எங்கள் வில்ட்ஷயர் சேற்றுக்கு
நான்கு மாதம் கடலில் வந்தது.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான்,
அதுவும் ஞாயிற்றுப் பள்ளியில் கற்ற அரைகுறை.
டர்னிப் வயலில் கல் பொறுக்கிவிட்டு
அப்போதுதான் வந்திருந்தாள் அம்மா.
விறைத்த கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
"வாசி, தெர்ஸா" என்றாள்.

வாசித்தேன்.
வாரத்தில் நான்கு நாள் ஆட்டுக்கறி.
அத்தானுக்கு நாள்கூலி ஐந்து ஷில்லிங்
(இங்கே ஒரு வாரத்துக்கே எட்டுதான்).
பண்ணையாரைக் கண்டால் தொப்பியைத் தொட வேண்டாம்.
கிறிஸ்துமஸ் அன்று வெயில் தாளாமல்
வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்களாம்.
நம் பன்றி எப்படி இருக்கிறது?
அறுத்தாகிவிட்டதா?

அம்மா சிரித்தாள்.
ஆட்டுக்கறி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

பிறகு தாளைத் திருப்பினேன்.

*பிஸ்கே தாண்டும்போதே ரூபனுக்கு இருமல்.
கப்பலில் பதினோரு பிள்ளைகள் போனார்கள்,
இவன் ஏழாவது.
பாய்த்துணியில் வைத்துத் தைத்தோம்.
காலடியில் ஒரு கல்.
அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.*

"குறுக்கே என்ன எழுதியிருக்கிறாள்?"
"எல்லாரையும் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள் அம்மா.
பேக்கர் ஹாஸ்கின்ஸை, மணியடிக்கும் ஜேபஸை,
அவர் நாயைக்கூட."
"இத்தனை வரிக்கா?"
"ஊர் முழுக்க."

பதில் கடிதத்துக்கு அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்:
பயலுக்குப் பல் முளைத்துவிட்டதா?
மை காயட்டும் என்று காத்திருந்து
குறுக்கே நான் எழுதினேன்:
என்னால் முடியவில்லை. அவளுக்குத் தெரியாது.

அடுத்த கடிதத்தில், நேர் வரியில்,
ரூபனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

இப்படித்தான் அவன் வளர்ந்தான்.
கோழியைத் துரத்தினான். வேலியிலிருந்து விழுந்தான்.
தவறான வார்த்தை ஒன்றைக் கற்றுவந்து
சாப்பாட்டு மேசையில் சொன்னான்.
அம்மா ஆண்டுக்கொரு ஜோடி காலுறை பின்னினாள்,
ஒவ்வொரு ஆண்டும் ஒரு விரல் நீளம் கூட்டி,
கப்பலேறும் யாரிடமாவது கொடுத்தனுப்பினாள்.
அவை யார் காலுக்குப் போயின என்று
நான் கேட்கவில்லை.

குறுக்கு வரிகளில் வேறொரு வீடு இருந்தது:
அறுவடை பொய்த்தது. அத்தானுக்குக் குடி.
பிறந்த மகளுக்கு அம்மா பெயர்.
ரூபனைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

அவனுக்குப் பதினான்கு வயதான பிப்ரவரியில்
அம்மா போய்விட்டாள்.
மண் உறைந்திருந்தது.
குழி வெட்ட ஜேபஸின் பையன்கள்
இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.
அக்காவுக்கு நேராகவே எழுதினேன்,
ஒரு பக்கம்தான், திருப்ப வேண்டிய தேவையில்லாமல்.
கடைசியில்:
இனி நீ சிரமப்பட வேண்டாம், கெசியா.

அக்டோபரில் பதில் வந்தது.
அடுப்பில் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது,
நின்றபடியே பிரித்தேன்.
அம்மாவுக்காக அழுததை இரண்டு வரியில் முடித்திருந்தாள்.
பிறகு,
ரூபன் இப்போது தனியாகவே ஏர் ஓட்டுகிறான்.
குரல் உடைந்துவிட்டது.
பாட்டி பின்னிய காலுறை எதுவும் போதவில்லை,
அத்தனை பெரிய கால்.

தாளைத் திருப்பினேன்.
குறுக்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல்
சத்தமாக ஒருமுறை வாசித்தேன்,
பன்றிகூட இல்லாத வீட்டில்.