ஒன்றரைப் பாகை

பிறையில் எனக்கு பேக்ஹோ வேலை.
மண்வாரியின் முழங்கை, செம்பனை ஆலையின் அழுத்தி,
குப்பை லாரியின் பின்வாய்,
எண்ணெய் எதையெல்லாம் தூக்குமோ
அதெல்லாம் என் சோறு.
படகென்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பத்து மௌங் துறையில் காத்திருந்தார் கூ எங் சியாங்.
விடிந்தால் பந்தயம்.
"மிஸ் புனிதம், கீல் நழுவுது" என்றார்,
கடைவாய்ப் பல் ஆடுவதைச் சொல்லும் குரலில்.

கைப்பேசியில் படம் காட்டினார்.
படகின் வயிற்றிலிருந்து இறங்கும் ஒரு கத்தி,
இரண்டு ஆள் உயரம்.
அதன் நுனியில் ஈயக் குமிழ், ஒன்றே முக்கால் டன்.
ஏரா என்பார்கள் கடலோரத் தமிழில்.
முதலில் அதைக் கிடத்திவிட்டுத்தான் படகு கட்டுவார்கள்,
அப்புறம் யாரும் அதை நினைப்பதில்லை.
இந்த ஏராவுக்கு இடுப்பு இருக்கிறது.
காற்று பாயை இடப்பக்கம் அமுக்கினால்
இது வலப்பக்கம் கால் நீட்டும்,
நாற்பது பாகை வரை.

படகு மிதந்துகொண்டிருந்தது.
அந்தக் கனத்தை நான் கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை.
தரைப்பலகைக்குக் கீழே தவழ்ந்து போனால்
அதன் தலை மட்டும் தெரிந்தது,
இரண்டு ராம்கள் இருபுறமும் காதைப் பிடித்திருக்க.

முழுக்க வலப்பக்கம் தள்ளச் சொன்னேன்.
கட்டிக் கிடந்த படகு
யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் சாய்ந்தது.
கம்பியில் பென்சிலால் ஒரு கோடு.
பக்கத்தில் கோப்பி ஓ கண்ணாடிக் குவளையில்,
அதன் மட்டம் கோணலாய்.
ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை.
கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒன்றரைப் பாகை.
கோப்பியும் கொஞ்சம் நேராகியிருந்தது,
குடிக்காமலே.

பிஸ்டனில் சீல் போய்விட்டது.
புதிது ஆக்லாந்திலிருந்து வர இரண்டு வாரம்.
என் வேனில் ஒன்று இருந்தது, அதே எண்பது மில்லி,
சுங்கை பாக்காப் அழகேசனின் பேக்ஹோவுக்கு வாங்கியது.
"மண்வாரி சீலா?" என்று முகம் சுளித்தார்.
"எண்ணெய்க்கு அது தெரியாது" என்றேன்.
மூன்றரை மணிக்கு முடிந்தது.
நம்பிக்கை போதாமல் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஜெரெஜாக் தீவுக்குத் தெற்கே
பதினோரு படகுகள், காற்றே இல்லை.
இழுதுமீன்கள் எங்களை முந்திப் போயின.
கூ விரலால் காட்டினார், கீழ்ப்பக்கம்.
காற்று தள்ளவேண்டிய பக்கமே அது.
தப்பான பக்கமென்று நினைத்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன்.

படகு தானாகச் சாய்ந்தது.
துவண்டு தொங்கிய பாய்கள்
தம் கனத்தாலே வளைந்து வயிறு வைத்தன,
வராத காற்றுக்கு இடம் போட்டு வைப்பதுபோல.
நீரில் ஒட்டிக் கிடந்த உடம்பு பாதி விலகியது.
சுற்றிலும் படகுகள் நிமிர்ந்து நிற்க
எங்களுடையது மட்டும் நகர்ந்தது,
நடையென்று சொல்லமுடியாத ஒரு நடை.

எட்டரைக்கு வந்தது காற்று,
மலைப்பக்கமிருந்து, மழை வாசத்தோடு.
"மாத்து!" என்று கத்தினார்.
ஒன்பது விநாடி எடுக்கும் அந்த ஈயம்
இக்கரையிலிருந்து அக்கரை போக.
ஏழாவது விநாடியில் விளிம்பு தண்ணீருக்குள்,
என் செருப்பு ஒன்று போனது.
ஒன்பதில் படகு மூச்சுவிட்டு எழுந்தது.
நான் கீழே ஓடிப்போய்ப் புதுக் கோடு போட்டேன்.
அடுத்த திருப்பம் வரை அதையே பார்த்திருந்தேன்.
கம்பி மயிரிழைகூட நகரவில்லை.
மேலே யார் முந்தினார்கள், யார் கத்தினார்கள்,
எனக்குத் தெரியாது.
நான்காவது, என்று பிறகு சொன்னார்கள்.

ஹெலாங் அன்று மாலையே லங்காவிக்குப் போய்விட்டது,
என் பென்சில் கோடுகளோடு.
ஒற்றைச் செருப்போடு பாலத்தில் வண்டி ஓட்டினேன்.
நடுப்பாலத்தில் அழகேசன் அழைத்தார்.
பேக்ஹோ கையைத் தரையில் ஊன்றி நிற்கிறதாம்,
மூன்று நாளாக.
"எங்கம்மா என் சீலு?"

கடலைப் பார்த்தேன்.
"வேலைக்குப் போயிருக்குண்ணே" என்றேன்.