மாரி என்று தொடங்கும் ஊர்

மாரிக்வில் என்று தமிழில் எழுதிப் பார்த்தேன்.
முதல் இரண்டெழுத்து மழை.
பெயர் வைத்தவர்களுக்கு அது தெரியாது.
தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது.

சிட்னியின் நடுவிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்.
தோளோடு தோள் இடிக்கும் செங்கல் வீடுகள்,
ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் இருமல்,
அந்தப் பக்கம் ஓர் இருமல்.
வீடுகளுக்கு மண் கொடுத்த குழிகளில்
ஒன்று பந்தாட்டத் திடலானது.
இன்னொன்றைக் குப்பையால் நிரப்பிப் புல் விரித்தார்கள்;
சூளையின் புகைபோக்கிகள் மட்டும் ஓரமாய் நிற்கின்றன,
சுட எதுவுமில்லாமல்.

குக்ஸ் ஆறு,
ஆறு என்பது மரியாதைக்கு,
விமான நிலையம் விரிந்தபோது
தன் வாயையே பெயர்த்து
வேறிடத்தில் வைத்துக்கொள்ள நேர்ந்த ஆறு.

இப்போது ஒரு விமானம்
இரும்பு வயிறு தெரியப் போகிறது.
அரை நிமிடம் யாரும் பேசுவதில்லை.
சண்டைக்காரர்களும் வசவை வாயிலேயே பிடித்துவைத்து
வால் மறைந்ததும்
விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள்.
கோபம் ஆறிவிடுவதும் உண்டு.

லூர்தெஸ் தபால்காரி.
மதெய்ராத் தீவில் பிறந்து பீட்டர்ஷாமில் வளர்ந்தவள்.
மஞ்சள் மூன்றுசக்கர வண்டியில்
இல்லவாரா சாலை இறங்கி வருகிறாள்.
எந்தக் கதவில் கிரேக்கத் திட்டு, எதில் வியட்நாமியத் திட்டு,
எந்த நாய்க்கு அரபு மட்டும் புரியும்,
அவள் கைக்குத் தெரியும்.
குப்பைத்தொட்டியில் தலைகீழாய்க் கிடக்கும்
அரிவாள்மூக்கனுக்கும் ஒரு வணக்கம் போடுவாள்.

டிசம்பர்தோறும் ஒரு வாழ்த்து அட்டை வரும்,
பன்டெலிஸ் வுர்னாஸ், சிடன்ஹாம் என்று,
நடுங்கும் கையெழுத்தில்.
தெருவும் எண்ணும் சரி.
வீடுதான் இல்லை.
மூன்றாவது ஓடுபாதைக்குப் பிறகு
இரைச்சலுக்கு விலைபேசி வாங்கி இடித்த வரிசை அது.
இன்று அங்கே பூங்கா.
புல்லுக்கு நடுவே
எந்த வாசலுக்கும் போகாத இரண்டு படிகள்.

சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டும்.
லூர்தெஸ் அனுப்பவில்லை.
ஏன் என்று கேட்டால்
"அனுப்பினால் அந்தப் பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே"
என்கிறாள்.
ஏழு அட்டைகள் அவள் சமையலறை இழுப்பறையில்,
பிரிக்காமல்.

மார்ச்சில், ஒரு வியாழன் மதியம்,
சாக்கடை மூடிகள் முதலில் விக்கின.
பிறகு எழுந்தன.
தொழிற்கூடங்களின் தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர்;
சோஃபா ஒன்று மிதந்து வந்து
சிக்னலில் நின்றது, சிவப்பு என்பதால் போல.
வண்டி அணைந்து மேட்டில் ஒதுங்கிய லூர்தெஸ்
நீரின் ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பழைய வரைபடத்தில் அவள் பார்த்த கோடு.

கம்ப்ரமோரா.
காடிகல், வாங்கல் மக்களின் சதுப்பு.
மனை பிரித்து விற்றவன் பத்திரத்தில்
சதுப்பு என்ற சொல்லே இல்லை.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில்
புது வீட்டுக்காரர்கள் மேசைமேல் ஏறி நின்றார்கள்.
அப்புறம் வாய்க்கால் வெட்டி, குழி தோண்டி, பம்பு வைத்து
ஊர் அதை மறந்தது.

தண்ணீரும் தபால்காரிதான்.
பழைய முகவரிக்கே வரும்.
யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காது.

மறுநாள் வெயில். சேற்று வாடை.
கியெமின் ரொட்டிக்கடையில் வரிசை.
லூர்தெஸ் முறை வந்தபோது
அவனிடம் சொல்லத் தொடங்கினாள்:
"நேற்று அந்த இரண்டு படிகளும்கூட
முழுகிப் போய், கியெம், நான் அந்த அட்டைகளை"

விமானம்.

கத்தி ரொட்டியில் பாதியில் நிற்கிறது.
பின்னால் மாடக் கண்ணாடி நடுங்குகிறது.
அவள் உதடு அடுத்த சொல்லுக்குத் திறந்தபடி.
வரிசையில் எட்டுப் பேரும் காத்திருக்கிறோம்.

வால் மறைகிறது.

"மிளகாய் வேண்டாம்"
என்கிறாள்.