கீழ்த்தட்டு

கெடிலம் கரையேறிய இரவு
பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜைனம்பு மேடம் போனில் கேட்டது ஒன்றுதான்:
"சோடியம் எந்தத் தட்டில் இருக்கு?"
கீழ்த்தட்டில்.
நான்தான் வைத்தேன், ஆடிட்டுக்காக, ஜூனில்.

புதுப்பாளையத்திலிருந்து கல்லூரி வரை முழங்கால் தண்ணீர்.
அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டே
"போங்க" என்றாள் அஞ்சலாட்சி.
அந்தப் "போங்க"வில் வேறென்னவோவும் இருந்தது.

பதினேழு வருஷமாய் அந்த லேபில் டெஸ்ட் டியூப் கழுவுகிறேன்.
பிளஸ் டூ ஃபெயில்.
கரும்பலகையை அழிக்குமுன் ஒருதரம் படித்துவிடுவேன்.

இரண்டு, எட்டு, ஒன்று.
உள்ளே இரண்டு, சுற்றி எட்டு,
வெளிச்சுற்றில் ஒற்றையாய் ஒன்று.
அந்த ஒன்றுதான் சோடியத்தின் முன்கோபம் முழுவதும்.
இணைதிறன் ஒன்று என்றால்
அதனிடம் கொடுப்பதற்கு இருப்பது அவ்வளவுதான்.
மக்னீசியத்திடம் இரண்டு.
அலுமினியத்திடம் மூன்று, ஆனால் கை இறுக்கம்.
பொட்டாசியத்தில் அந்த ஒற்றை
இன்னும் ஒரு சுற்றுத் தள்ளி நிற்கிறது;
நடுவில் இத்தனை பேர் கூடிநிற்க
கருவின் குரல் அங்கே சரியாக எட்டுவதில்லை.
இன்னும் சீக்கிரம் கிளம்பிவிடும்.
ஆர்கான்
யார் வாசலிலும் போய் நிற்காது.

கதவைத் தள்ளினேன்.
பாட்டிலுக்கு நாலு விரல் கீழே தண்ணீர்.
தராசுத் தட்டில் ஒரு தவளை.
டார்ச் வெளிச்சத்தில் மண்ணெண்ணெய்க்குள்
நாள்பட்ட வெல்லக்கட்டிபோல, சாம்பல் தோல் போர்த்தி,
கொடுக்க மட்டுமே தெரிந்த அது.
வெளியே, வாங்க வந்த ஆறு.

சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஏறினேன், இருபத்திரண்டு படி.
மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்று
ஒவ்வொரு படியிலும் தடவிப் பார்த்தேன்.
கை வேர்த்திருந்தது.
வேர்வையும் தண்ணீர்தானே.

மாடி ஜன்னலில் சில்வர் பீச் பக்கத்து இருட்டு,
கடல் இரைச்சல்.
கொடுத்து முடித்த சோடியம் எல்லாம்
அங்கே உப்பாகக் கிடக்கிறது,
குளோரின் பக்கத்தில், யாரையும் சுடாமல்.
கொஞ்ச நேரம் பாட்டிலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

விடிந்து வீட்டுக்குப் போனபோது
மூட்டையில் பாதி நனைந்திருந்தது.
நனைந்ததைக் கஞ்சி வைத்திருந்தாள்.
உப்புக் கேட்டேன்.
"ஜாடி மிதந்து போயிடுச்சு.
உங்க பாட்டில்?"

மேலே இருக்கு என்றேன்.