அழித்த கணக்கு

விடியக்காலம் மூன்றே கால்.
நாகர்கோவில் வாடகை மாடியில்
ஒற்றைக் குவாண்டம் பிட்டை எஞ்சினாக்கும் என் சமன்பாட்டில்
வெப்பம், குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குச்
சும்மாவே நடந்து போய்க்கொண்டிருந்தது.
அப்படிப் போகாது.
எங்கோ எதையோ விட்டிருக்கிறேன்.

அப்போதுதான் பெர்க்மான்ஸ், கடலிலிருந்து,
சிக்னல் அறுந்து அறுந்து:
"கணவாய் கெடக்கு, முந்நூறு கிலோ வரும்.
முட்டமா, குளச்சலா, தேங்காய்ப்பட்டணமா?
கேட்டுச் செல்லு. டீசல் கொஞ்சந்தான்."

மூன்று பேரை எழுப்பினேன்.
குளச்சலில் கிலோவுக்கு நாற்பது கூடுதல்.
சுக்கான் திரும்பிய சத்தம் போனில் கேட்டது.
அதே மீன், அதே டீசல், அதே காற்று.
ஓர் ஊர்ப்பெயர் மட்டும் புதிது,
அது பன்னிரண்டாயிரம் ரூபாய்.

பெட்டிக்குள் ஒரே ஒரு துகள்.
இடமா வலமா என்று தெரிந்தவருக்கு அது பிஸ்டனைத் தள்ளும்.
தெரியாதவருக்கு வெறும் புழுக்கம்.
ஆறு வருஷமாக இதைத்தான் எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு இறங்குதளத்தில் அவன் முகம் சரியில்லை.
"இருவதுதான் கூடக் கெடச்சுது.
நீ கேட்டதுலதான் அவனுவளுக்கும் தெரிஞ்சுபோச்சு."
எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிட்டும் அப்படித்தான்,
பார்க்குமுன் இருந்ததுபோல் பார்த்தபின் இருக்காது.
சிலநேரம் பார்வையே அதை மேலே உந்திவிடும்,
அடுப்பே இல்லாமல்.

"ஒனக்க எஞ்சினு எத்தன குதிர?"
கொசு இறகை அசைக்கவும் காணாது என்றேன்.
"பின்ன எதுக்கு?"
பனிக்கட்டி உடைக்கிற இரைச்சலில்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

சுக்கானுக்கு மேலே ஒரு பலகை. சாக்பீஸில்
மூன்று துறை, மூன்று விலை.
ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தான்.
"இத அழிக்காட்டி நாளைக்கு எங்க எழுத?"

அங்கேயே நின்றுவிட்டேன்.
அளந்ததற்குக் கணக்கு வைத்தேன், வேலைக்கு வைத்தேன்,
அழிப்பதற்கு வைக்கவில்லை.
ஒரு பிட்டை மறக்க
உலகம் இத்தனை சூடாக வேண்டும் என்று ஒரு கட்டணம் உண்டு,
எந்தக் கையும் உணராத சிறு சூடு.
அதைத்தான் ஏய்த்திருக்கிறேன்.

பலகையின் கீழ்மூலையை மட்டும் துணி தொடவில்லை.
'சலேத் மாதா, 2.40.'
திரும்பாத படகு. கடைசியாய்ப் பேசிய நேரம்.
மங்க மங்க மேலேயே எழுதியிருக்கிறான்,
கோடுகள் தடித்துப்போயிருந்தன.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில், டிக்கெட்டின் பின்புறம்,
விட்டுப்போன உறுப்பைச் சேர்த்தேன்.
வில்லுக்குறி தாண்டும்போது
வெப்பம் ஒழுங்காகக் கீழிறங்கியது.
எஞ்சின் ஓடுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.

மூலைக்கு மட்டும்
என்ன எழுதுவது என்று தெரியவில்லை.