கிடையாகப் பிடித்தால் பாடாது

முதல் குழாய் பிவிசி.
ஒன்பது நிமிடத்தில் வளைந்து தொங்கியது.
ஆய்வுகூடம் முழுக்க நாற்றம்.
நித்தியகல்யாணன் சேர்
சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு சொன்னார்:
"வெப்பத்தை மணமாக மாற்றியிருக்கிறீங்கள்."

இரண்டாவது, என்.சி. வீதியில்
ஹாட்வெயார் கடை மூலையில் கிடந்த இரும்புத் துண்டு.
எழுபத்தைந்து சென்ரிமீற்றர்.
"தண்ணி லைனுக்கா?"
"பாட்டுக்கு" என்றாள் ஹஸ்மியா.
கடைக்காரர் சிரித்தார்,
விலை குறைக்கவில்லை.

தேத்தண்ணி வடியின் கம்பிவலையை வெட்டி
கீழிருந்து கால்வாசி உயரத்தில் இறுக்கினோம்.
ஏன் கால்வாசி என்று ஒரு பந்தி இருந்தது,
நான் பாடமாக்கினேன்.
அவள் அரைவாசியில் வைத்துப் பார்த்தாள்.
முக்காலில் வைத்துப் பார்த்தாள்.
ஒன்றும் நடக்காததையெல்லாம்
திகதி போட்டுக் கொப்பியில் எழுதினாள்.
மூன்றரைக்கு கிண்ணியா பஸ்;
அதுவரைக்கும்தான் எங்கள் விஞ்ஞானம்.

மத்தியானங்களில் தகரக்கூரை
டிக், டிக் என்று வெயிலில் விரியும்.
"அதுவும் வெப்பம்தானே, அதுவும் சத்தம்தானே,
கூரையைக் கொண்டுபோய்க் காட்டுவமா?"
அன்றைக்கு அவள் அவ்வளவு களைத்திருந்தாள்.

பதினோராம் நாள்
வலை சிவந்தது. குழாய் பேசவில்லை.
சரி, போதும் என்று அடுப்பை விலக்கினேன்.

ஊ

உட்துறைமுகத்தில் ஏதோ கப்பல் என்று நினைத்தேன்.
என் கையிலிருந்த குறடு நடுங்கியது.
பக்கத்து வகுப்பில் யாரோ கதிரையை இழுத்து
எழும்பி வந்தார்கள்.
ஹஸ்மியா குழாயைச் சரித்தாள்: நின்றது.
நிமிர்த்தினாள்:
ஊ

சூடான காற்று மேலே போக
குளிர்ந்தது கீழால் வர வேண்டும்.
படுத்த குழாய்க்குள் காற்றுக்குப் போக்கிடம் இல்லை.
இதை அவள் எந்தப் பந்தியிலும் படிக்கவில்லை,
கையால் தெரிந்துகொண்டாள்.
அன்றைக்கு மூன்றரை பஸ்ஸை விட்டாள்.

கண்காட்சி மண்டபத்தில் எட்டு மின்விசிறிகள்.
சுடர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.
நடுவர் அம்மா வந்தபோது
பதினான்கு செக்கன் பாடியது.
அவர் பேனையை மூடினார், திறந்தார்.
"இதால என்ன பயன்?"

அதற்கு எங்களிடம் விடை இருந்தது:
அசையும் பாகமே இல்லாத குளிர்சாதனப் பெட்டி,
வீணாகும் வெப்பம், எதிர்காலம்.
நான் வாயைத் திறக்குமுன் ஹஸ்மியா சொன்னாள்:
"பாடுது, மிஸ்."

பயன்பாடு: இருபதுக்கு நான்கு.

திரும்புகையில் கிண்ணியாப் பாலத்தில்
நான் அவளுடன் பேசவில்லை.
மடியில் குழாய், குறுக்காக.
கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்,
அவள் வாங்கினாள்.
பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
எதற்கென்று தெரியாமல்.

இப்போது அது அவர்கள் வீட்டுக் கிணற்றடியில்
துவாய் காயப்போடும் கம்பி.
கிடையாக.
வலையை இன்னும் கழற்றவில்லை.