இரண்டு பேர் இருக்கை

பதினாலு மாதம் ஆகிறது.
சட்னிக்கென்று வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணம்
இப்போது என் மதியச் சாப்பாடு.
சவரிநாதன் இன்னும் பழைய அளவில்தான் உலை வைக்கிறார்.
மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி
விடிந்ததும் மோர் விட்டு அவரே குடிக்கிறார்.
அவருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது.
"எங்கயும் போகல அமலோற்பவம்,
வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்கிறார்
என் எடையைப் பற்றி.

சாப்பிடும்போது தண்ணீர் இல்லை,
முன்னும் அரைமணி பின்னும் அரைமணி.
நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ
நான்காவது கவளத்தில் கதவைச் சாத்துகிறார்கள்,
சத்தமில்லாமல்.
ஒருநாள் ஐந்தாவதைத் தள்ளிப் பார்த்தேன்.
வஞ்சிரம் அது, வேறென்ன சொல்ல.
குழாயடியில் முக்கால் மணி நேரம்
குந்தியிருந்தேன், கடவுளே கடவுளே என்று.

முடி கொத்தாய் வந்தது சீப்போடு.
திரும்ப வளரும் என்றார் பாண்டிச்சேரி டாக்டரம்மா.
வளர்ந்தது.
முன்நெற்றியில் மட்டும் குட்டையாய், விறைப்பாய்,
எந்த எண்ணெய்க்கும் படியாமல்.

ரஹீமா மூன்று தடவை ரவிக்கையைப் பிடித்துக் கொடுத்தாள்.
நான்காவது தடவை,
"புதுசாத் தைச்சிடலாம்க்கா,
இதுல துணி இல்ல, தையல்தான் இருக்கு."
மேல்கைத் தோலைப் பிடித்துக் கொடுக்க
அவளிடம் ஊசி இல்லை.
தொங்கட்டும்.
நாற்பது வருஷம் என்னைச் சுமந்த பை அது.

பூசை முடிந்து கோயில் வாசலில் ஜெனோவா:
"சக்கரையா? இல்ல, வேற ஏதாச்சுமா?"
அந்த வேற ஏதாச்சுமுக்குக் குரலைத் தணித்தாள்.
ஆபரேஷன் என்றேன்.
"அப்போ நீயா இளைக்கல."
ஆமாம் ஜெனோவா.
படிவத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும் நான்.
கல்யாணப் பந்தியில் பிரியாணி இலைமுன்னால்
கையை மடியில் வைத்துக்கொண்டு
அடுத்தவள் எலும்பு கடிக்கும் சத்தம் கேட்டு உட்கார்ந்திருப்பது மட்டும் நான்.

பசி போய்விட்டது.
பசி இல்லாத சாயங்காலம் ஆறு மணி
இவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை.
முன்பெல்லாம் மேலாளர் திட்டினால் மிளகாய் பஜ்ஜி,
மழை வந்தால் பஜ்ஜி,
மழை ஏமாற்றினாலும்.
இப்போது திட்டை முழுசாய் வைத்துக்கொண்டு
சில்வர் பீச்சில் நடக்கிறேன்.
கடைக்காரர் கூப்பிடுகிறார்,
"என்னக்கா, நம்ம மேல கோவமா?"
இல்லை என்று கையசைக்கிறேன். வாசம் கொஞ்ச தூரம் கூட வருகிறது.
சில நாள் அழுகிறேன்.
சில நாள் கலங்கரை விளக்கம் வரை போய்
மூச்சிரைக்காமல் திரும்புகிறேன்,
அது ஒரு திருட்டு சந்தோஷம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.
கடலூரிலிருந்து பாண்டிச்சேரி பஸ், ஜன்னலோரம்.
"ரெண்டு டிக்கெட்டாம்மா?" என்று
ஒரு நடத்துநர் கேட்டு
பஸ்ஸே சிரித்தது இதே தடத்தில்தான்,
ஆல்பேட்டை தாண்டுவதற்குள்.
அதற்குப் பிறகு நின்றுகொண்டு வருவார்களே தவிர
பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

நேற்று கிருமாம்பாக்கத்தில் ஏறிய ஒரு நர்சிங் பெண்
கேட்காமலே உட்கார்ந்தாள்.
தவளக்குப்பம் வருமுன் தூங்கிப்போனாள்.
நான் வழக்கம்போல்
தோளைச் சுருக்கி, வயிற்றை எக்கி,
ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
குனிந்து பார்த்தால்
எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு சாண் காலி.

மூச்சை விட்டேன்.
மாத்திரைப் பையை எடுத்து அங்கே வைத்தேன்.
என் இடம்தானே,
டிக்கெட் எடுத்திருக்கிறேன்.