காற்புள்ளிக்கு இந்தப் பக்கம்

மண்டபம் ரயிலடிக்கு எதிரே
ஜெராக்ஸ், டைப்பிங், ஆதார் திருத்தம்.
வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
முத்திருளாயி அதில் உட்காரவில்லை.
சேலையில் இன்னும் கடல் இருந்தது.

மதுரைக்குப் போகவேண்டிய வாக்குமூலம்.
அவள் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் அடிக்க.
வக்கீலின் ஜூனியர் போனில் சொல்லியிருந்தான்:
“வரிக்கு வரி வாலில் ‘ஷி செட்’ கட்டாதீங்கண்ணே.
பேச்சை உடைச்சு நடுவுல போடுங்க.
படிக்கிறவருக்கு ஆள் குரல் கேட்கணும்.”

கதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.
மனுவில் நமக்குப் பழக்கமில்லை.
சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தபின்
நங்கூரம்போல் இறங்கும் ‘என்றாள்’.
அதுவரை பேச்சு அவளுடையது.

“நாலு மணிக்கு வத்தை ஏறுனோம் ஏழு பேரு
கச்சான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு
மனோலித் தீவுக்கு வெளியதான் நின்னோம்
மண்ணுல கால் வைக்கல
கட்டக்கோரை மூணு சாக்கு
அதையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாக –”

எங்கே உடைப்பது?
‘செவன் ஆஃப் அஸ்’ முடிந்ததும் ஒரு காற்புள்ளி,
மேற்கோள் குறிக்கு உள்ளே.
ஷி செட்.
இன்னொரு காற்புள்ளி, இது வெளியே.
மறுபடி திறக்கும்போது சின்ன எழுத்து,
ஏனென்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை.
தலையை மேலே தூக்கி
அதே தண்ணீருக்குள் திரும்ப முங்குவதுபோல.
எனக்கே பிடித்துப்போயிற்று.

பிறகு சொன்னாள்:
“தீவுலேருந்து நான் ஒண்ணும் எடுக்கல.”

‘ஐ டுக்,’ ஷி செட் –
தாள் அங்கே தீர்ந்தது.
‘நத்திங்’ மட்டும்
இரண்டாம் பக்கத்தின் உச்சியில்
தனியாகப் போய் உட்கார்ந்தது.

பிரிண்டர் துப்பிய முதல் தாளைக் கையில் வைத்திருந்தேன்.
அதன் கடைசி வரியில்
அவள் எடுத்தவள்.
எடுத்தேன் என்று அவளே சொல்கிறாள்.
எந்த மேசையில் எந்தப் பின் கழன்றாலும்
முடிந்தது.

தமிழில் ‘ஒண்ணும்’ முதலில் வந்துவிட்டது.
எடுப்பதற்கு முன்பே
கை காலி.

“என்ன, அழிக்கிறீக?”
சொன்னேன். குனிந்து திரையைப் பார்த்தாள்,
மீன் விலைப் பலகையைப் பார்ப்பதுபோல.
“நான் பேசுறேன். நடுவுல ‘அவ சொன்னா’ங்கிறது யாரு?”
“நான்தான்.”
“நீங்களா.”
கொஞ்ச நேரம் பிரிண்டர்தான் சத்தம் போட்டது.
“அப்ப நான் மூச்சு வாங்க எந்திரிக்கையில வாங்க.
பாசியில கை வச்சிருக்கையில வராதீக.”

மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.
இம்முறை விரல்களைச் சாவிகளிலிருந்து எடுத்துவிட்டு.
ஏழு பேரில் அவள் நிற்கவில்லை.
கச்சானில் நிற்கவில்லை.
சாக்குகளையும் ஒரே முங்கில் தாண்டினாள்.
மூச்சு விட்டது, நான் எதிர்பாராத ஓர் இடத்தில்.
முதல் தடவை சொல்லாமல் விட்ட இடம் அது:
“பறிச்சுக்கிட்டாக...
விரல்ல சுத்தியிருந்த துணியைக்கூட.”

‘தே டுக்,’ ஷி செட்,
‘ஈவன் த க்ளாத் ஆன் மை ஃபிங்கர்ஸ்.’

இங்கே பக்கம் தீர்ந்தாலும் பரவாயில்லை.
‘ஐ டுக் நத்திங்’கை
உடைக்காமல் ஒரே வரியில் வைத்தேன்.
ஷி செட், கடைசியில், நம் வழக்கப்படி.
ஜூனியர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

பக்கத்துக்குப் பதினைந்து, இரண்டு பக்கம்.
ஈர நோட்டைப் பிரிண்டரின் சூட்டில் வைத்தேன்.
பெருவிரல் மையை நீட்டினேன்.
தேய்ந்த விரலில் ரேகை இல்லை,
வெறும் நீல வட்டம் விழுந்தது.
பேனாவை வாங்கிக்கொண்டாள்.
எட்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தி
முத்திருளாயி என்று எழுதி
யாரும் கேட்காத ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.